ஏன் இந்தக் கருவி? நிரல் எழுதுவோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினாறு ஆண்டுகளாகச் சர்வர் பக்கத்து நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளும், கல்லூரியில் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரு கருவியை எடுக்கும் முன் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நாளைக்கு இதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போக வேண்டி வந்தால் என் கையில் என்ன மிஞ்சும்? கீழே உள்ள பதில்கள் பலவும் அதிலிருந்து வந்தவை.

எந்த எடிட்டர் வைத்திருக்கிறீர்கள்?

நிரலைத் தட்டச்சு செய்யும் மென்பொருள்தான் எடிட்டர். என் கணினியில் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட். சர்வருக்குள் நுழைந்தால், விசைகளாலேயே இயக்கும் விம். விஎஸ் கோடுக்குள்ளேயும் விம் விசைகளைத்தான் போட்டிருக்கிறேன், அதனால் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த விசைகளுக்கு ஒரு கதை உண்டு. 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் 'வி' எடிட்டரை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த முனையம். அதில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் எஸ்கேப் இருந்தது. அந்த டெர்மினலை இப்போது யாரும் தொடுவதில்லை. அந்த நான்கு விசைகளால் திரையில் நகரும் பழக்கம் மட்டும் ஐம்பது ஆண்டுகளாகக் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. 'வி'-யைப் பின்பற்றி வளர்ந்த விம்-ஐ 1991-இல் வெளியிட்ட பிராம் மூலனார், 2023 ஆகஸ்டில் மறையும்வரை அதைப் பேணினார். கோப்பு எதுவும் கொடுக்காமல் விம்-ஐத் திறந்தால், உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வரும். அவர் தன் மென்பொருளுக்குக் கேட்ட விலை அவ்வளவுதான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

இதற்கு மாறாக ஆட்டம் (Atom) என்ற எடிட்டரைப் பாருங்கள். நான் இருந்த குழுவில் பாதிப்பேர் அதில்தான் வேலை செய்தோம். 2022 டிசம்பர் 15 அன்று அதை மூடிவிட்டார்கள். அதற்கென்று சேர்த்த செருகுநிரல்கள், அமைப்புகள் எல்லாம் போயின. அந்த முறை எங்களைக் காப்பாற்றியது லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால். 2016-இல் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடுக்காக உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட ஏற்பாடு அது. முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக உதவி எழுத வேண்டும். இப்போது மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். எடிட்டர் மாறினாலும் மொழியறிவு கூடவே வருகிறது.

விஎஸ் கோட் கட்டற்ற மென்பொருள்தானே?

மூல நிரல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. ஆனால் தரவிறக்கும் நிறுவல் கோப்புக்கு மைக்ரோசாஃப்டின் தனி உரிமம், பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் வசதியும் தானாகவே இயங்கும். அது வேண்டாம் என்றால், அதே மூல நிரலிலிருந்து இவை இல்லாமல் உருவாக்கிய விஎஸ்கோடியம் இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: மைக்ரோசாஃப்டின் சில நீட்சிகளை, குறிப்பாகப் பைத்தானுக்கான பைலேன்ஸை, அதிகாரபூர்வ நிறுவலில் மட்டுமே பயன்படுத்த உரிமம் தருகிறார்கள்.

விம்-ஐ விட்டு வெளியே வருவது எப்படி?

எஸ்கேப் அழுத்துங்கள். பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். மாற்றங்கள் சேமிக்கப்படாமல் வெளியே வந்துவிடுவீர்கள். சேமிக்க வேண்டுமானால் ஆச்சரியக்குறி வேண்டாம், முக்காற்புள்ளிக்குப் பின் டபிள்யூ, க்யூ.

டேப்பா, ஸ்பேஸா?

வரியை உள்தள்ள எது என்று, நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் மொழிக்குரிய ஃபார்மேட்டர் என்ன சொல்கிறதோ அது. கோ மொழியில் கோஃபம்ட், பைத்தானில் பிளாக். சேமிக்கும்போது தானாக ஓடும்படி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நிரலைத் தொகுக்கும் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைல் மட்டும் விலக்கு. அங்கே கட்டளை வரிக்கு முன் டேப்தான் வேண்டும், ஸ்பேஸ் வைத்தால் ஓடாது.

எட்டு ஜிபி மடிக்கணினி போதுமா?

படிப்பதற்குத் தாராளமாகப் போதும். பிரௌசரில் முப்பது பக்கங்களையும் செயலிகளைத் தனித்தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கரையும் ஒன்றாகத் திறந்தால்தான் மூச்சு வாங்கும். பழைய நாலு ஜிபி கணினி வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் இன்னும் பரண்மேல் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான முகப்போடு லினக்ஸ் மின்ட் நிறுவுங்கள், எடிட்டராக ஜீனி வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தி மகள் அப்படி ஒரு கணினியில்தான் பைத்தானும் எஸ்க்யூஎல்லும் கற்றாள். புதிதாகச் செலவழித்தது எஸ்எஸ்டிக்கு மட்டும்.

கிட்-ஐ டெர்மினலில் பயன்படுத்த வேண்டுமா, எடிட்டரில் உள்ள பொத்தான் போதாதா?

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி. அதில் ஒரு நிலையைப் பதிந்துவைப்பதுதான் கமிட். அன்றாடக் கமிட்டுக்குப் பொத்தான் போதும். ஏதாவது கெட்டுப்போனால், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல்தான் கைகொடுக்கும்.

போன ஆண்டு ஒரு தம்பி வெளிறிப்போய் வந்து நின்றான். "அக்கா, மூணு நாள் வேலை போச்சு." பழைய கமிட்டுக்குப் போகப் பார்த்தவன், ரீசெட் கட்டளையோடு ஹார்ட் என்ற தேர்வையும் சேர்த்துவிட்டான். "கமிட் பண்ணியிருந்தியா?" என்று கேட்டேன். பண்ணியிருந்தான். அப்படியென்றால் எதுவும் போகவில்லை. கிட் ரீஃப்லாக் என்று அடிக்கச் சொன்னேன். அவன் கிளை, அதாவது கமிட்டுகள் வரிசையாகச் சேரும் பாதை, கடைசியாக எங்கெங்கே நின்றது என்று வரிசையாக வந்தது. மேலிருந்து இரண்டாவது வரியில் அவன் நேற்றுப் போட்ட கமிட். அந்த எண்ணை எடுத்து ஒரு புதுக் கிளை உருவாக்கினோம். இரண்டு நிமிட வேலை. எந்தக் கிளையிலும் இல்லாமல் அநாதையாகிப்போன கமிட்டைக்கூட கிட் முப்பது நாளாவது வைத்திருக்கும். ஆனால் கமிட்டே போடாத மாற்றத்தை அந்தக் கட்டளை அழித்தால் திரும்ப வராது. அதனால்தான் சாப்பிடப் போகும் முன் ஒரு கமிட் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று கிட் பைசெக்ட். போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை, நடுவே ஆயிரம் கமிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதைச் சோதித்து நல்லது, கெட்டது என்று சொல்லிக்கொண்டே போனால், பத்தே சோதனையில் கெடுத்த கமிட் மாட்டிக்கொள்ளும். இது பயன்பட வேண்டுமானால் ஒவ்வொரு கமிட்டும் சிறியதாக, தனியாக ஓடக்கூடியதாக இருக்க வேண்டும்.

கிட் எனக்குப் பிடித்ததற்கு அதன் பிறப்பும் ஒரு காரணம். 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதேபோன்ற கருவியின் அனுமதி நின்றுபோனதுதான் தூண்டுதல். மறுபடி யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்கத் தேவையில்லாதபடி, முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்குமாறு அமைத்தார். கிட் திட்டங்களை இணையத்தில் வைத்துத்தரும் கிட்ஹப் நாளைக்கே மூடினாலும் உங்கள் கமிட்டுகள் உங்களிடம் இருக்கும். அங்கே எழுதிய இஷ்யூ என்னும் பிழைக்குறிப்புகளும் விவாதங்களும் இருக்காது. ஆகவே, முக்கிய முடிவு எதையும் ஏன் எடுத்தோம் என்பதைக் கமிட் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

சின்ன வேலைக்கு எந்த டேட்டாபேஸ்?

எஸ்க்யூலைட். ஒரே கோப்பு. நகலெடுத்தால் டேட்டாபேஸே வந்துவிட்டது, சர்வர் எதுவும் ஓட வேண்டாம். உங்கள் போனில் இந்த நிமிடம் எத்தனையோ எஸ்க்யூலைட் கோப்புகள் இருக்கின்றன. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது. உரிமமே இல்லாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார்கள். 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஒரே நேரத்தில் பலர் எழுதுவார்கள் என்றால், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர். அதைத் தாண்டி வேறொன்று வேண்டும் என்று யாராவது சொன்னால், போஸ்ட்கிரெஸில் முயன்று எந்த இடத்தில் முடியாமல் போனது என்று அளந்து காட்டச் சொல்வேன். இதுவரை இரண்டு பேர்தான் காட்டினார்கள், இருவர் சொன்னதும் நியாயமாக இருந்தது.

தமிழ் உரையைக் கையாள எந்தக் கருவி நல்லது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த நிரல் தமிழில் எப்படி உடைகிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்கும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் உலக மொழி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தனிக் குறியீடுகள். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். மூன்றும் சரியான விடைதான். எந்தக் கணக்கைக் கேட்கிறோம் என்று தெரியாமல் எழுதினால்தான் தவறாகும்.

ஒருமுறை என் பெரியம்மாவுக்கு ஓரிடத்தில் ரசீது கொடுத்தார்கள். பெயர் மீனாட்சிசுந்தரம். ரசீதில் 'மீனாட்' வரை அச்சாகி, அடுத்து ஒரு கருப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. பார்த்ததும் புரிந்துவிட்டது: பெயர்ப் புலத்துக்கு 20 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ஆறு குறியீட்டுக்கு 18 போக, ஏழாவதான 'ச' பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரில் இருப்பது ஒன்பதே எழுத்து. ஆனால் 16 குறியீடு, 48 பைட். பெரியம்மா அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "என் பேரை ஏன் இப்படி வெட்டியிருக்காங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் எழுதும் எந்தப் படிவத்தையும் அவர் பெயரை வைத்துத்தான் முதலில் சோதிக்கிறேன்.

அடுத்தது, உரையில் குறிப்பிட்ட வடிவங்களைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். பைத்தானோடு வரும் 'ரீ' நூலகத்தில், சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூவை வைத்து 'தமிழ்' என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால், 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வரும். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக மதிப்பதில்லை. தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரீஜெக்ஸ்' நூலகம் சரியாகப் பிரிக்கிறது. தமிழ் தொட்ட எந்த வேலைக்கும் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

தேடலில் வேறு சிக்கல். 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் உரையை எல்லாம், இவற்றை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் இது தீர்ந்துவிடும். ஆனால் 'கௌரி' என்பதை ளகரம் போட்டு 'கெளரி' என்று தட்டுகிறவர்கள் நிறையப் பேர். இதை என்எஃப்சி தொடாது, அதன் கணக்கில் ளகரம் வேறு எழுத்து. நான் மூலத்தில் கை வைப்பதில்லை. தேடலுக்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன். தேடவரும் சொல்லுக்கும் அதே மாற்றம். 'வெள்ளி', 'தெளிவு' போன்ற சொற்கள் அந்த நெடுவரிசையில் விசித்திரமாக மாறினாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறுவதால் தேடல் தவறாது.

அப்புறம் அகரவரிசை. ஒரு சிறு நூலகத்துக்குப் பட்டியல் செய்துகொடுத்தபோது, அங்கிருந்த நூலகர் அம்மா முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டார். மணி, மனை, மயில், மரம், மறை, மலை, மழை என்று வந்திருந்தது. யூனிகோட் எண் வரிசை அப்படி. அங்கே னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் இருக்கின்றன. அகராதியில் றகரமும் னகரமும் கடைசி: மணி, மயில், மரம், மலை, மழை, மறை, மனை. 'மக்கள்' என்பதும் 'மகன்' என்பதற்கு முன்னால் வர வேண்டும், புள்ளி வைத்த எழுத்துக்கு முதலிடம். போஸ்ட்கிரெஸில் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஐசியூ கொலேஷன், அதாவது அந்தந்த மொழிக்கேற்ற வரிசை முறை, இருக்கிறது. தமிழுக்கானதைத் தேர்ந்தெடுத்தால் சரியாக அடுக்கும். எஸ்க்யூலைட் தானாகச் செய்யாது, ஐசியூ நீட்சியை ஏற்ற வேண்டும். அன்றைக்கு வரிசை சரியானதும் அந்த அம்மா பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இப்பதான்மா இது பட்டியல்" என்றார்.

வெளியார் எழுதிய பேக்கேஜ்களை எவ்வளவு நம்பலாம்?

எத்தனை தேவையோ அத்தனை மட்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்-இலிருந்து எடுத்துவிட்டார். அதைத் தாங்கள் பயன்படுத்துகிறோம் என்றே தெரியாதவர்களின் பில்டுகள், அதாவது நிரலைத் தொகுக்கும் வேலைகள், உலகம் முழுக்க நின்றுபோயின. பதினோரு வரியை நாமே எழுதிக்கொள்ளலாம்.

அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2024 மார்ச்சில் வந்த எக்ஸ்-இஸட் விவகாரம். லினக்ஸ் எங்கும் இருக்கும் சுருக்க நூலகம் அது. நல்லவராக நடந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்து, பராமரிப்புப் பொறுப்பைப் பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். தொலைவிலிருந்து சர்வருக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிக்கிறதே என்று தோண்டியவர் அவர். அந்த அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நெடுங்காலம் அந்த நூலகத்தைத் தனியாளாக, சம்பளம் இல்லாமல், சோர்ந்துபோய்ப் பராமரித்தவரின் நிலைமைதான் அந்த ஆள் நுழைய வழிவிட்டது. நீங்கள் பிழைப்புக்கு நம்பியிருக்கும் பேக்கேஜைப் பராமரிப்பவருக்குப் பணமோ பக் திருத்தமோ நன்றிக் கடிதமோ ஏதாவது ஒன்று அனுப்புங்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் உரிமம் மாறாதுதானே?

மாறும். சர்வர்களை நிரலாலேயே அமைக்க உதவும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் மாறியது, அதன் பழைய நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்டோஃபு பிரிந்தது. தரவை நினைவகத்தில் வைத்துத்தரும் ரெடிஸ் 2024 மார்ச்சில் மாறியது, அதே மாதிரி வால்கி பிரிந்தது. ரெடிஸ் மறு ஆண்டே ஒரு கட்டற்ற உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறதா, பலர் சேர்ந்து நடத்துகிறார்களா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸை யாரும் தனியாக விலைக்கு வாங்கிவிட முடியாது.

முதலில் எந்த மொழி?

பைத்தான். பிறகு ஆறு மாதம் சி, பைட் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பார்க்க. மூன்றாவது உங்கள் வேலை முடிவு செய்யும்.

ஏஐ உதவியாளர் பயன்படுத்தலாமா?

நான் பயன்படுத்துகிறேன். தெரியாத நூலகத்தைப் பற்றி விசாரிக்க, சோதனைகளுக்கு முதல் வரைவு எழுத, ஷெல் ஸ்கிரிப்ட் போட. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி: பக்கத்து மேசைக்காரர் கேட்டால் விளக்கிச் சொல்ல முடியாத வரியைக் கமிட் செய்வதில்லை. அது பரிந்துரைக்கும் பேக்கேஜ் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இல்லாத பெயர்களையும் சில நேரம் உறுதியாகச் சொல்கிறது. அந்தப் பெயரில் யாராவது நச்சு நிரலைப் பதிவு செய்து வைத்திருக்கலாம். தமிழ் உரை சம்பந்தமாக எழுதச் சொன்னால், நான் பார்த்தவரை, மேலே சொன்ன அதே பின்சாய்கோடு-டபிள்யூவைத்தான் எழுதித் தருகிறது.

வேலைக்குச் சேர்ந்து முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். பிழைச்செய்தியை அதனிடம் ஒட்டும் முன் நீங்கள் ஒருமுறை முழுசாக வாசியுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதிலேயே இருக்கும்.

டிபக்கரா, பிரிண்டா?

ஒருமுறை ஓட்டிப் பார்க்க, மதிப்பைத் திரையில் காட்டும் பிரிண்ட். ஒரே பிழையை மூன்றாவது முறை துரத்துகிறேன் என்றால், நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் டிபக்கர்.

காப்புப் பிரதி எப்படி எடுக்கிறீர்கள்?

2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற சேவையான கிட்லேபில் நடந்ததைப் புதியவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். இரவில் அலுத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தும், அந்த நேரத்துக்கு ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ கையால் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை நேரலையில் காட்டினார்கள், அந்தப் பொறியாளர் மேல் பழி போடவும் இல்லை.

நான் செய்வது இது. தினமும் இரவு டேட்டாபேஸ் நகல் வேறு ஊரில் உள்ள ஒரு சர்வருக்குப் போகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, அதிலிருந்து ஒன்றை எடுத்து வெற்றுக் கணினியில் ஏற்றி, பயன்பாட்டை ஓட்டி, மீனாட்சிசுந்தரம் என்று தேடிப் பார்க்கிறேன். பெயர் முழுசாக வந்தால் காபி குடிக்கப் போவேன்.